வாசலில் ஒரு விளக்குமாறு

கொடியிலிருந்து வேட்டியை உருவியபோதுதான் சாந்தினி அந்தக் கரும்புள்ளிகளைப் பார்த்தாள். மாமாவின் வெள்ளை வேட்டி. நேற்று மாலை துவைத்துப் போட்டு, எடுக்க மறந்து, இரவெல்லாம் வெளியே கிடந்தது. எறும்பு என்று நினைத்துத் தட்டினாள். தட்டிய இடத்தில் புள்ளி கோடாக நீண்டது. விரலில் பிசுபிசுப்பு. முகர்ந்து பார்த்தாள். சாலைக்குப் புதிதாகத் தார் போட்டதுபோல் ஒரு வாடை.

"அத்தை, இங்க கொஞ்சம் வந்து பாருங்க."

மலர் பின்வாசலுக்கு வந்தார். வேட்டியைத் தொடவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். தாமான் குடியிருப்பின் கூரைகளுக்கு அப்பால், நீரிணைக் கரையில், மின்நிலையத்தின் புகைபோக்கி நின்றது. சாந்தினி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில் புகை பார்த்ததில்லை. இன்று அதன் வாயிலிருந்து பழுப்பாக ஒன்று கிளம்பி, காற்றில் சாய்ந்து, இவர்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"எண்ணெய் போட்டுட்டாங்க," என்றார் மலர்.

அந்த நிலையம் தொடங்கிய காலத்தில் எண்ணெய்தான் எரித்தார்கள். கப்பலில் வந்து இறங்கும் கறுப்பு எண்ணெய். அப்போதெல்லாம் தாமான் பெண்கள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் துணி காயப்போடுவார்களாம். பிறகு கேஸ் குழாய் வந்தது. புகை நின்றது. சின்ன பிள்ளைகளுக்கு அந்தக் கம்பம் எதற்கு நிற்கிறது என்றே தெரியாமல் போயிற்று. இப்போது எங்கோ குழாயில் பழுது, கேஸ் போதவில்லை. பல வருடமாக மூடிக் கிடந்த பழைய யூனிட்டை மறுபடி எண்ணெயில் எரியவிடப் போகிறார்கள் என்று, அங்கே வேலை செய்யும் அவள் கணவன் ரூபேந்திரன் சாப்பிடும்போது சொல்லியிருந்தான்.

"வேற வேட்டி இருக்கு அத்தை. இத மறுபடி ஊறப் போட்டுடறேன்."

"போடு," என்றார் மலர். "இன்னைக்குப் பார்த்து வெள்ளைத் துணியில..." என்று ஆரம்பித்தவர் மீதியைச் சொல்லாமல் உள்ளே போனார்.

ஹாலில் பிராணவாயு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் குழாய் மாமா கனகராஜின் மூக்குவரை போயிற்று. வாழ்நாளெல்லாம் அதே மின்நிலையத்தில் பாய்லர் பக்கத்தில் நின்ற மனிதர். நுரையீரல் இரண்டும் கெட்டுவிட்டன, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்றா, அடுத்த மாதமா என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

அவர் கண் திறந்திருந்தது. மூக்கு விடைத்தது. அந்த வாடை அவருக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"வெளக்கமாறு எங்கம்மா?" என்றார்.

போன மாதம் எழுந்து நிற்க முடிந்தவரை அவர் இதையேதான் செய்துகொண்டிருந்தார். வெளியே கூட்டுகிற, நீளக் கட்டை வைத்த ஈர்க்கு விளக்குமாற்றை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்தபடி, வீட்டுக்குள் மெதுவாக நடப்பார். ஒவ்வொரு கதவுக்கு முன்னும் நின்று காற்றை மேலும் கீழுமாகத் துழாவிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். வேலி ஓரமாகப் பார்த்த பக்கத்து வீட்டு ரொஹானி அக்கா, பல்லி விரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். மலரால் அதைத் தாங்க முடியவில்லை. விளக்குமாற்றை நீட்டிக்கொண்டு ஆள்மேல் வருவது ஆகாது, நோயாளி இருக்கிற வீட்டில் அது நடு ஹாலில் இருக்கவே கூடாது. பிடுங்கிக்கொண்டு போய்ப் பின்பக்கக் கால்வாய் ஓரத்தில் சாத்திவிட்டார். வேலைக் கதை எதையும் வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர் அவர். எதற்காக அப்படி நடக்கிறார் என்று இரண்டு பெண்களுக்கும் தெரியாது. மூளைக்குக் காற்று போதாமல் பிதற்றுகிறார் என்றே நினைத்தார்கள்.

ரூபேந்திரன் சீருடையில் வந்து கட்டிலருகே குனிந்தான்.

"அப்பா, வேலைக்குப் போயிட்டு வரேன்."

"இன்னைக்கு லீவு கேட்டிருக்கலாம்," என்றாள் சாந்தினி.

"கேட்டேன். பழைய யூனிட்ட தெரிஞ்ச ஆளே ரெண்டு மூணு பேருதான். அது நேத்துதான் எரிய ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்குக் குழாய் லைன் முழுக்க நடந்து பார்க்கணும். முடிஞ்ச உடனே ஓடி வந்துடறேன்."

அவன் வாசலைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்திருப்பான். கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு எங்கிருந்து காற்று கிடைத்ததோ.

"டேய்... நில்லு. வெளக்கமாற எடுத்துட்டுப் போ."

மலர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "கிளம்புறவனப் பின்னால கூப்பிட்டு, அதுவும் காலங்காத்தால அந்தப் பேரச் சொல்லி... ரூபன், உள்ள வா. உக்காரு. ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

"அம்மா, டைம் ஆச்சு லா."

"உக்காருன்னு சொல்றேன்."

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "கேட்ல இருக்கிறவன் ஏன் லேட்டுன்னு கேட்டா என்ன சொல்றது? எங்கம்மா உக்கார வெச்சித் தண்ணி குடுத்தாங்கன்னா?"

"ஆமான்னு சொல்லு. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா இல்ல," என்று தண்ணீர் எடுக்கப் போனார் மலர்.

கனகராஜின் கை போர்வைக்கு வெளியே வந்து சாந்தினியின் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்கள் சில்லென்று இருந்தன.

"நீ குடும்மா. அவன் சிரிப்பான். நீ குடு."

"குடுக்கறேன் மாமா."

சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது. அப்படியே விட்டுவிடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் கண்ணை எடுக்கவில்லை. காலையில் விளக்கேற்றிச் சாமி முன்னால் வேண்டிக்கொண்ட அதே வாயால், மூச்சுக்கு அல்லாடும் மனிதரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு விளக்குமாறுதானே.

பின்வாசல் வழியாகப் போனாள். கால்வாய் ஓரத்தில் சாத்தியிருந்ததை எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். காரின் பின்கதவைத் திறந்து, இருக்கைக்குக் கீழே குறுக்காக வைத்து, சத்தமில்லாமல் சாத்தினாள். அவள் உள்ளே நுழைந்தபோது ரூபேந்திரன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தான்.

கார் போன பிறகு கட்டிலருகே குனிந்தாள்.

"வெச்சிட்டேன் மாமா. கார்ல இருக்கு."

அவர் விரல்கள் தளர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டார்.

துணி ஊறப்போடப் போன மலர் சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். கை ஈரமாகவே இருந்தது.

"சாந்தினி, கால்வாய்கிட்ட வெச்சிருந்தது எங்க?"

"மாமா கேட்டாங்க அத்தை. உங்க மகன் கார்ல வெச்சிட்டேன்."

மலர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. முகத்திலிருந்த நிறம் மட்டும் இறங்கியது.

"உசுரு இழுத்துக்கிட்டு இருக்கிற வீட்டுலேருந்து, நெருப்புகிட்ட வேலைக்குப் போறவன் கூட, அத அனுப்பி வெச்சிருக்க. போன் போடு. வழியில எங்கயாச்சும் எறக்கி வெச்சிடச் சொல்லு."

சாந்தினி போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டாள். யூனிட்டுக்குள் போகுமுன் எல்லோரும் கைபேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

"சரி. அவன் நல்லபடியா வீடு வந்து சேரட்டும். அப்புறம் பேசிக்கலாம்," என்றார் மலர். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

முஸ்தபா வழக்கம்போலத் தூக்கில் கஞ்சியோடு வந்தார். கனகராஜோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்து, ஓய்வுக்குப் பிறகு மருமகன் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். நண்பன் படுத்த நாளிலிருந்து ஒரு நாள்கூடக் கஞ்சி தவறியதில்லை. நண்பனால் இப்போது அதைக் குடிக்க முடியாது என்று தெரிந்த பிறகும் தவறவில்லை.

"தங்கச்சி, அவனுக்கு வேணாம்னா நீங்க குடிங்க. நேத்தும் நீங்க சாப்பிடலன்னு மருமவ சொல்லுச்சு," என்று தூக்கை வைத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். "என்ன ராஜு, ஊரெல்லாம் நம்ம பழைய செண்டு வாசன அடிக்குது. எந்திரிச்சு வரியா?"

கனகராஜ் கண் திறக்கவில்லை. உதட்டோரம் மட்டும் அசைந்தது.

சாந்தினி முஸ்தபாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாமா, அங்க வேலையில வெளக்கமாற வெச்சிக்கிட்டு என்ன செய்வீங்க?"

முஸ்தபா நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னது?"

"இவருதான் கேட்டுக்கிட்டே இருக்காரு. வீட்டுக்குள்ள அத முன்னால நீட்டிக்கிட்டே நடந்தாரு."

அவர் நண்பனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கெட்டில்ல தண்ணி கொதிச்சா வெள்ளையா வருதே, அது ஒண்ணும் செய்யாதும்மா. பாய்லருலேருந்து வர்ற நீராவி வேற. அவ்ளோ சூடு, அவ்ளோ அழுத்தம். எங்கயாச்சும் ஊசித் துவாரம் விட்டு வெளிய வந்தா கண்ணுக்கே தெரியாது. சுத்தமா தெரியாது. சத்தம் கேக்கும், ஆனா அங்க எல்லாமே சத்தம், எந்தப் பக்கம்னு சொல்ல முடியாது. தெரியாம கைய நீட்டினா கை இருக்காது. எங்க காலத்துல ஒருத்தனுக்கு..." நிறுத்திக்கொண்டார். "அதனால மூடிக் கெடந்த லைன்ல நடந்தா வெளக்கமாற முன்னால நீட்டிக்கிட்டுத்தான் போவோம். ஈர்க்கு அறுந்து விழுந்தா, அங்கேயே நின்னுக்கணும். இப்ப இருக்கிற பசங்களுக்கு ஏதோ கருவி இருக்குது. கேஸ் யூனிட்டுக்கு வாங்கினது. அந்தப் பழைய யூனிட்டுக்குச் சரி வருமோ என்னவோ."

மலர் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரூபன் எடுத்துட்டுப் போனானா?" என்றார் முஸ்தபா.

"கார்ல வெச்சேன். அவர் பார்த்தாரான்னு தெரியல. பார்த்தாலும் எடுப்பாரான்னு தெரியல," என்றாள் சாந்தினி.

முஸ்தபா தொப்பியைச் சரி செய்துகொண்டார். உதடுகள் சத்தமில்லாமல் அசையத் தொடங்கின. சாந்தினி சாமி படத்தைப் பார்த்தாள். காலையில் ஏற்றிய விளக்கில் திரி கருகிக்கொண்டிருந்தது. எழுந்து போய் எண்ணெய் ஊற்றினாள்.

வெயில் ஏறியும் வெளிச்சம் மங்கலாகவே இருந்தது. சன்னல் கம்பியில் மெல்லிய கரிப்படலம். சிகாமட்டிலிருந்து கிளம்பிவிட்டதாக நாத்தனார் பிரேமலா செய்தி அனுப்பியிருந்தாள். வழியில் யோங் பெங் ஊரைத் தாண்டியதும் இன்னொன்று. ரூபேந்திரனின் எண்ணுக்கு மட்டும் மணி அடித்து அடித்து நின்றது.

அப்போது மின்விசிறி தளர்ந்தது.

ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு ஒவ்வொரு இறக்கையும் தனியாகத் தெரிந்தது. பிராணவாயு இயந்திரம் உறுமலை நிறுத்திவிட்டுக் கீச்சிடத் தொடங்கியது. சாந்தினி மூலையிலிருந்த சிலிண்டருக்கு ஓடினாள். தாதி சொல்லிக் கொடுத்தபடி குழாயை மாற்றி மாட்டித் திருகினாள். காற்று வந்தது. மாமாவின் மார்பு ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

அதன் பின்னாலேயே அந்தச் சத்தம் வந்தது. கரைப் பக்கத்திலிருந்து, விமானம் ஒன்று கிளம்புவதுபோல். ஆனால் கிளம்பிப் போகவில்லை. அதே இடத்தில் நின்று அலறியது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெரு நாய்கள் குரைத்தன. ரொஹானி அக்கா வாசலுக்கு வந்து வாயில் கை வைத்து நின்றாள்.

"முஸ்தபா அண்ணே, என்ன அது?" என்றார் மலர்.

முஸ்தபா எழுந்து சன்னல் பக்கம் போயிருந்தார். "நீராவிய வெளிய விடறாங்க தங்கச்சி. அவசரமா யூனிட்ட நிறுத்தினா அப்படித்தான்." குரல் சமமாக இருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"எதுக்கு நிறுத்துறாங்க?"

முஸ்தபா சன்னலை விட்டுக் கட்டிலருகே திரும்பினார்.

கனகராஜ் கண்ணைத் திறந்தார். தளர்ந்து நின்றுகொண்டிருந்த விசிறியைப் பார்த்தார். அந்த அலறலைக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். அது மெல்ல மெல்ல இறங்கி, சீறலாகி, அடங்கியது.

"நிறுத்திட்டான்," என்றார்.

தெளிவாகச் சொன்னார். பக்கத்தில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. பிறகு சாந்தினியைப் பார்த்தார். அவள் கரண்டியில் தண்ணீர் விட்டாள். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது உதட்டோரமாக வழிந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக மூவரும் காத்திருந்தார்கள்.

மின்சாரம் திரும்பியது. விசிறி சுற்றியது. இயந்திரம் பழையபடி உறுமத் தொடங்கி, மாட்டாத குழாய் வழியாக யாருக்கும் இல்லாத காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சாந்தினி நின்றாள்.

"அத மூடிடும்மா," என்றார் முஸ்தபா மெதுவாக.

மலர் கணவனின் காலடியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் கையால் மூடிக்கொண்டார். அழவில்லை. முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. தூரத்தில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஆம்புலன்ஸ் ஒன்று ஊளையிட்டுக்கொண்டு போயிற்று. அது தேய்ந்து மறையும்வரை அவர் அசையவில்லை. சாந்தினியும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ரொஹானி அக்கா தன் வீட்டு நாற்காலிகளையெல்லாம் வேலி வழியாகத் தூக்கித் தூக்கிக் கொடுத்தாள். சுடுதண்ணீர்க் குடுவை வந்தது. பிரேமலா வந்து அப்பாவின் மார்பில் விழுந்து அழுதாள். அழுகைக்கு நடுவில், "தம்பி எங்க?" என்று கேட்டாள். புகைபோக்கி மறுபடி வெறுங்கம்பமாக நின்றது.

கார் கேட்டருகே வந்து நின்றபோது மலர் எழுந்துவிட்டார். ரூபேந்திரன் இறங்கினான். சீருடை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாசலில் கிடந்த செருப்புகளையும் கூட்டத்தையும் பார்த்தான். உள்ளே வந்து அப்பாவின் காலில் தலையை வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை. அவன் நிமிர்ந்ததும் மலர் அவன் முகத்தைத் தடவினார், கைகளைத் தடவினார், விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றான்.

"அந்த ஆம்புலன்ஸு?"

"சும்மா வரச் சொன்னது. யாருக்கும் ஒண்ணும் இல்ல. யூனிட்ட நிறுத்திட்டோம்." ஒரு முறை சாந்தினியை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல் இருந்தது. அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

குளிப்பாட்டி உடுத்தும்போது சாந்தினி பெட்டியிலிருந்து புது வேட்டியைக் கொண்டுவந்தாள். மலர் அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"அது வேணாம். காலையில ஊறப் போட்டு அலசிக் காயப்போட்டேனே, அது காஞ்சிருக்கும், அத எடுத்துட்டு வா."

"கரி முழுசா போகல அத்தை."

"இருக்கட்டும். அவருக்கு அது பழக்கம்தான்."

மறுநாள் சுடுகாட்டு ஆள் வந்து, கட்டையா கேஸா என்று கேட்டார். ரூபேந்திரன் அம்மாவைப் பார்த்தான். முஸ்தபாதான் பேசினார். "ராஜுவக் கேட்டா கட்டைன்னுதான் சொல்லுவான். புகை வராத நெருப்ப அவன் கடைசிவரைக்கும் நம்பல." துக்க வீட்டில் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கட்டை என்று முடிவாயிற்று.

நண்பகலுக்குமுன் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். சவ வண்டிக்குப் பின்னால் வேன் கிளம்பும்போது ரூபேந்திரன் சற்று நிற்கச் சொல்லி இறங்கினான். தன் காரின் பின்கதவைத் திறந்து எதையோ எடுத்து, கேட் ஓரமாகச் சாத்திவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டான்.

உடல் போன வீட்டைக் கூட்டிக் கழுவிவிட வேண்டும். பிரேமலா வாளியில் தண்ணீர் பிடித்தாள். சாந்தினி விளக்குமாற்றை எடுக்க வாசலுக்குப் போனாள்.

நீளக் கட்டை அப்படியே இருந்தது. ஈர்க்குக் கற்றையில்தான் ஒரு பக்கம் இல்லை. கத்தியால் சாய்த்துச் சீவியதுபோல் முக்கால்வாசி அறுந்து போயிருந்தது. அறுந்த நுனிகள் வெளுத்து, வெந்து, ஒரே சாய்வாக நின்றன. அவள் அதைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

பின்னால் மலர் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. அவர் அதை வாங்கினார். அறுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு முறை மெல்லத் தடவினார். பிறகு அந்தக் கை சாந்தினியின் தோளுக்கு வந்தது. சிறிது நேரம் அங்கேயே இருந்தது.

"இதால கூட்டாதே," என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரொஹானி அக்கா, எதுவும் கேட்காமல் உள்ளே போய்த் தன் வீட்டு விளக்குமாற்றை எடுத்துவந்து நீட்டினாள்.

சாந்தினி ஹாலின் மூலையிலிருந்து தொடங்கினாள். கட்டில் கிடந்த இடம், இயந்திரம் நின்ற இடம், உதிர்ந்த பூ, அரிசி, சன்னலோரக் கரி எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றி வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசற்கதவின் பக்கத்தில், ரூபேந்திரனின் வேலைச் சப்பாத்துக்கு அருகில், மலர் அந்தப் பழைய விளக்குமாற்றைச் சாத்தி வைத்து அதன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

தண்ணீர் கதவை நெருங்கியது. அது நனையாமலிருக்க மலர் குனிந்து, அதைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.